இரண்டு பெட்டிக்கும் ஒரே எடை

“கடைக்குள்ள கால வச்சா, கால ஒடிச்சுப் போடுவேன்.”

சொன்னவனின் கையில் சால்டரிங் அயர்ன் சூடாகப் புகைந்துகொண்டிருந்தது. ததேயுஸ் உள்ளே வைத்திருந்த வலது காலை மரியாதையாக வாசலுக்கு வெளியே எடுத்துக்கொண்டான்.

“எடுத்தாச்சு பாய். இடது கால் ஏற்கெனவே வெளியதான் நிக்குது. இனி பேசலாமா?”

“நீ யாருலே?”

“நான் ததேயுஸ். இது குளோரி அக்கா. போலீஸ் இல்ல, பயப்படாதிய. போலீஸா இருந்தா இந்நேரம் கால உங்களுக்க மேசமேல வச்சிருப்போம்.”

குளோரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடு என்று அர்த்தம். ததேயுஸ் மூடினான். நாகர்கோவிலில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் குளோரியிடம் சேரும் முன்பு, அவன் சர்ச் திருவிழாக்களில் மைக்செட் போட்டு அறிவிப்புச் செய்துகொண்டிருந்தவன். அந்தத் தொழிலை விட்டு ஆறு வருஷம் ஆகியும், வாயை அணைக்கும் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று குளோரிக்கு மட்டும்தான் தெரியும்.

“அஷ்ஃபாக், ரெஜிஷாவோட பாஸ்போர்ட் விஷயமா வந்திருக்கேன்,” என்றாள் குளோரி.

“நெனச்சேன்!” அயர்னைத் தாங்கியில் குத்தி வைத்தான் அஷ்ஃபாக். “திங்களும் செவ்வாயும் அந்த வீட்டு ஹால்ல முதுகு ஒடியக் குனிஞ்சு கெடந்தேன். ஒரு டம்ளர் சாயா தரல. இப்ப கள்ளன்னு ஒரு பேரு தந்திருக்காவ. காலையில அவளுக்க மாப்பிள்ள பிபின் போன் பண்ணுதான், சாயங்காலத்துக்குள்ள பாஸ்போர்ட்டக் குடுக்கலன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பேன்னு.”

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னக் கடையில், வயிறு கிழிந்த ஸ்பீக்கர்கள் சுவர் முழுக்க அடுக்கி இருந்தன. மணி பதினொன்று. வியாழக்கிழமை. குளோரியின் கையில் மீதம் இருந்தது ஒரு பகல்பொழுது மட்டும்தான்.

குளோரியிடம் உதவி கேட்டு வந்த ரெஜிஷா, குளச்சலைச் சேர்ந்த நர்ஸ். ஆறு வருஷம் எழுதிப் போட்டு, இப்போதுதான் மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. நாளை விடியற்காலை திருவனந்தபுரத்திலிருந்து விமானம். அவள் அதில் ஏறாவிட்டால், பட்டியலில் அடுத்து நிற்கும் பெண்ணுக்கு அந்த வேலை போய்விடும் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். விசா தயார், டிக்கெட் தயார். பாஸ்போர்ட் காணோம். திங்கட்கிழமை காலை ஹாலில் டிவிக்குக் கீழே உள்ள டிராயரில் வைத்தது, புதன்கிழமை காலை அங்கே இல்லை. இடையில் அந்த வீட்டுக்குள் நுழைந்த ஒரே வெளியாள், ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களைச் சரிசெய்ய வந்த அஷ்ஃபாக்.

“அங்க என்ன வேலை செஞ்ச?” குளோரி கேட்டாள்.

“முன்னால நிக்குத பெரிய பெட்டி ரெண்டுக்கும் கிராஸ்ஓவர் மாத்துனேன்.”

“அப்படின்னா?”

அஷ்ஃபாக் மேசையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகையை எடுத்து நீட்டினான். செம்புக் கம்பி சுற்றிய காயில்கள் இரண்டும், கட்டைவிரல் தடிமனில் கபாசிட்டர்களும் அதில் உட்கார்ந்திருந்தன. கோபத்தில் இருந்தவன் தொழிலைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

“பாட்டு ஒண்ணா வரும். இது ரெண்டாப் பிரிக்கும். கீச்சுச் சத்தம் மேல உள்ள சின்ன ஸ்பீக்கருக்கு, தடிச்ச சத்தம் கீழ உள்ள பெரிய ஸ்பீக்கருக்கு. பிரிக்காம விட்டா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கிடும். கம்பெனிக்காரன் வைக்குதது லேசான சரக்கு. நான் நல்லதா ஒண்ணு செஞ்சு வைப்பேன்.”

“எங்க வீட்டுக்கும் ஒண்ணு செய்யுங்க பாய்,” என்றான் ததேயுஸ். “அம்மைக்கும் பெண்டாட்டிக்கும் நடுவுல மாட்டணும்.”

அஷ்ஃபாக் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்ததை மட்டும் ததேயுஸ் பார்த்தான்.

“இதுக்கு எதுக்கு ரெண்டு நாள்?”

“வேலை ஒரு நாள்தான். மிச்சம் அந்தப் பிபினுக்கக் கிறுக்கு. பெட்டிக்குள்ள சத்தம் முட்டித் திரும்பாம இருக்கப் பஞ்சு திணிப்போம். இடது பெட்டிக்கு நானூறு கிராம், வலது பெட்டிக்கு நானூறு கிராம்னு, நகைக்கடையில வச்சிருப்பாவளே, அந்தத் தராசக் கொண்டுவந்து எனக்க பக்கத்துல இருக்கான். எல்லாம் பூட்டுன பெறவு, வலது பக்கம் எட்டு கிராம் கூடுதல், அவுத்து எடுன்னு சொல்லுதான். எட்டு கிராம் பஞ்சு! யானைக் காதுக்குக்கூட வித்தியாசம் தெரியாதுன்னேன். நெட்டுல வாசிச்சானாம். ஆம்ப்ளிஃபயர் இடது பக்கம் இருக்கு, அங்க மூணு அடி வயர் போதும். வலது பக்கத்துக்குப் பன்னெண்டு அடி வேணும். ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும்னு இடது பக்கமும் பன்னெண்டு அடி போட்டு, மிச்சத்தச் சுருட்டி வச்சிருக்கான்.”

“எட்டு கிராம்,” என்றாள் குளோரி.

அடுத்தவர் சொன்னதை அவள் இப்படித் தனக்குள் திருப்பிச் சொன்னால், அது எங்கோ போய் ஒட்டிக்கொண்டது என்று ததேயுஸுக்குத் தெரியும். எங்கே என்று மட்டும் தெரியாது.

“உனக்க டூல்ஸ் பையை எடு, அஷ்ஃபாக். எங்ககூடக் குளச்சலுக்கு வா.”

“எதுக்கு? கையில விலங்கு மாட்டவா?”

“கள்ளன்னு பேரு வாங்குன இடத்துலதான் அதத் திருப்பிக் குடுக்க முடியும்.”

அஷ்ஃபாக் ஷட்டரைக் கீழே இழுத்த வேகத்தில் பக்கத்துக் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

குளோரியின் பழைய மாருதியில் மூன்று பேரும் போனார்கள். ததேயுஸ்தான் ஓட்டினான்.

“எனக்கு மாமியார் மேலதான் சந்தேகம் அக்கா. மருமவ போவக்கூடாதுன்னு தெருவுல நின்னு கத்துன பொம்பள.”

“கத்துனவ ஒளிப்பாளா?” என்றாள் குளோரி.

குளச்சலில் வீட்டு கேட்டுக்கு உள்பக்கமாக ரெஜிஷாவின் மாமியார் செசிலி நின்றுகொண்டிருந்தாள். அறுபது வயது. கேட்டைத் திறக்கும் எண்ணம் அவள் முகத்தில் இல்லை. பின் சீட்டிலிருந்து அஷ்ஃபாக் இறங்கியதும் குரல் தெருமுனை வரை போனது.

“கள்ளனக் காருல ஏத்திக்கிட்டு வந்திருக்கியளா? வெக்கமில்லியா?”

“நடத்திக் கூட்டிட்டு வந்தா வெயில் மாமி,” என்றான் ததேயுஸ்.

“உன்ட்ட எவன் கேட்டான்? இந்தா பாரு பிள்ளே,” செசிலி குளோரியின் பக்கம் திரும்பினாள். “நாலு வயசுப் பிள்ளைய விட்டுட்டுப் போவ நிக்கா. போவண்டாம்னு அவளுக்க மூஞ்சிக்கு நேர சொன்னவ நான். பாஸ்போர்ட் காணாமப் போனது மாதாவுக்க விருப்பம்.”

“நீங்க எடுத்தீங்களா?”

“நான் எடுத்தா அடுப்புல போட்டுட்டு, போட்டேன்னு சொல்லுவேன். ஒளிச்சு வைக்க எனக்கென்ன, எவனுக்காவது பயமா?”

குளோரி தலையை ஆட்டினாள். உள்ளேயிருந்து ரெஜிஷா வந்து கேட்டைத் திறந்தாள். முந்தின நாள் காலையிலிருந்து அழுது கண் வீங்கியிருந்தது. மாமியாரைப் பார்க்காமலேயே ஒதுங்கி வழிவிட்டாள்.

ஹாலைப் பார்த்ததும் ததேயுஸ் விசில் அடிக்கப் போய் நிறுத்திக்கொண்டான். சுவரில் பெரிய டிவி. அதன் இரண்டு பக்கமும் நெஞ்சு உயரத்துக்குக் கறுப்புப் பெட்டிகள், காவலுக்கு நிற்கும் ஆட்களைப் போல. பின்சுவரில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். நடுவில் ஒரே ஒரு சோபா. அதன் நாலு காலுக்கும் தரையில் வெள்ளை நாடா ஒட்டி இடம் குறித்திருந்தது. ததேயுஸ் அதில் தொப்பென்று உட்கார்ந்தான். சோபா இரண்டு அங்குலம் பின்னால் நகர்ந்தது.

“எழும்பு,” என்று ஒரு குரல்.

பிபின். முப்பத்தைந்து வயது. சவுதியில் தம்மாமிலிருந்து வேலை விட்டுத் திரும்பி இரண்டு வருஷம். சோபாவை நாடாவின் மேல் சரியாகத் தள்ளி வைத்த பிறகுதான் வந்தவர்களைப் பார்த்தான்.

“கள்ளனப் பிடிக்கச் சொன்னா, விருந்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கியளே.”

“விருந்தா? இந்த வீட்டுல சாயாவே கெடையாதுன்னு பாய் சொன்னாவ,” என்றான் ததேயுஸ்.

பிபின் அவனைக் கண்டுகொள்ளவில்லை. “மேடம், ரெஜிஷா போணும்னு முதல்ல சொன்னதே நான்தான். நீ போ, பிள்ளைய நான் பாக்குதேன்னு சொன்னேன். ஊர்ல யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க. இவ கவனமில்லாம டிராயர்ல போட்டா. இவன் வந்தான், எடுத்தான். களவு பாஸ்போர்ட்ட வாங்குததுக்குன்னு ஆளு இருக்கு. இதுல துப்பறிய என்ன இருக்கு?”

“நீங்க உங்க பாஸ்போர்ட்ட எங்க வைப்பீங்க?”

“நான் இவள மாதிரி இல்ல. பழசும் புதுசுமா எனக்க பேப்பர் அத்தனையும் பீரோவுல பூட்டி இருக்கு. சாவி இங்க.” இடுப்பைத் தட்டிக் காட்டினான். உள்ளே மெல்லச் சத்தம் கேட்டது.

“வேற சாவி?”

“ஒண்ணே ஒண்ணுதான். குளிக்கப் போனாலும் கழட்டமாட்டேன்.”

“நல்ல பழக்கம்,” என்றாள் குளோரி. பிறகு ரெஜிஷாவிடம் திரும்பினாள். “எங்கெல்லாம் தேடுன?”

“அரிசிப் பானை, மெத்தை, பிள்ளைக்கப் பை, பரண், கோழிக்கூடு வரைக்கும் தேடிட்டேன் அக்கா.”

“தேடாத இடம் ஏதாவது?”

ரெஜிஷா கணவனைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். கடைசியில் அவள் கண் கறுப்புப் பெட்டிகளில் போய் நின்றது. “அதுல மட்டும் கை வைக்கல. வைக்கக் கூடாது. பிள்ளை ஒருநாள் தொட்டதுக்கு அடி வாங்குச்சு.”

“தொறக்கணும்,” என்றாள் குளோரி.

“என்னது?” பிபின் இரண்டு பெட்டிக்கும் நடுவே வந்து நின்றான். “ரெண்டு நாள் உயிரக் குடுத்து டியூன் பண்ணி வச்சிருக்கேன். ஒரு ஸ்க்ரூவத் தொட்டா வக்கீலக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க, வக்கீலும் நல்ல பாட்டு கேப்பாரு,” என்றான் ததேயுஸ்.

“வெளிய போங்க எல்லாரும்!”

“ரெஜிஷா,” குளோரியின் குரல் உயரவில்லை. “இது உனக்க வீடும்தான். தொறக்கட்டுமா?”

அந்த வீட்டில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் போல. ரெஜிஷா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

“தொறங்க.”

“அதுக்கு முன்னால ஒரு தடவ பாட்டுப் போட்டுக் கேட்டுக்கிடுதேன்,” என்றான் அஷ்ஃபாக். “பெறவு நான் கெடுத்தேன்னு பேச்சு வரக்கூடாது.” அவன் ஒரு சிடியைப் போட்டான். கேரளத்துச் சிங்காரி மேளம். செண்டையின் முதல் அடி விழுந்ததும் ததேயுஸின் நெஞ்சுக்குள் யாரோ தட்டியது போலிருந்தது. திருவிழா ஊர்வலத்தில் மேளக்காரர்களுக்கு நடுவே நிற்பதுபோல, வெண்கல இலைத்தாளத்தின் கிணுகிணுப்பு தனியாக, செண்டையின் இடி தனியாக வந்தது.

“நீ செவ்வாய்க்கிழமை விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கா?” குளோரி கேட்டாள்.

“அச்சு அசல்.”

பிபின் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தான். பெருமைச் சிரிப்பு. குளோரி அதைப் பார்த்ததை ததேயுஸ் பார்த்தான்.

இடது பெட்டி. எட்டு ஸ்க்ரூ. பெரிய ஸ்பீக்கர் கழன்று வந்தது. அஷ்ஃபாக் கையை உள்ளே விட்டு வெள்ளைப் பஞ்சைக் கொத்துக் கொத்தாக வெளியே எடுத்தான். திடீரென்று கை நின்றது. முகம் வெளுத்தது. கிராஸ்ஓவர் பலகைக்குப் பின்னாலிருந்து அவன் உருவி எடுத்தது, பிளாஸ்டிக் கவருக்குள் கருநீல அட்டை.

“எனக்க பாஸ்போர்ட்!” ரெஜிஷா பாய்ந்து வாங்கிப் புரட்டினாள். அவளுடைய படம். அவளுடைய பெயர். ஒரு தாளும் கிழியவில்லை.

பிபின் கை தட்டினான். ஒருமுறை அல்ல, மூன்றுமுறை. “கொள்ளாம்! பெட்டிய அடைச்சது யாரு? இவன். தொறக்கத் தெரிஞ்சது யாருக்கு? இவனுக்கு. அடுத்த வாரம் ‘ஒரு தடவ செக் பண்ணணும்’னு வந்து, எடுத்துட்டுப் போயிருப்பான். இப்ப மாட்டிக்கிட்டான்.”

“பாவி!” செசிலி செருப்பைக் கையில் எடுத்துவிட்டாள். “எங்க வீட்டுல நின்னுகிட்டே எங்க குடியக் கெடுக்கப் பாத்தியாலே!”

“அல்லா மேல சத்தியமா நான் வைக்கல,” என்றான் அஷ்ஃபாக்.

ததேயுஸ் தன்னையறியாமல் இரண்டு எட்டு நகர்ந்து வாசலை மறித்து நின்றான். செய்த பிறகுதான், தானும் அஷ்ஃபாக்கை நம்பவில்லை என்பது அவனுக்கே உறைத்தது. அஷ்ஃபாக்கும் அதைப் பார்த்துவிட்டான். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல ததேயுஸிடம் ஒரு நக்கலும் இல்லை.

“வலது பெட்டியையும் தொற,” என்றாள் குளோரி.

அஷ்ஃபாக் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

“எதுக்கு?” பிபினின் குரல் சட்டென்று ஏறியது. “காணாமப் போனது ஒண்ணு. அது கெடச்சாச்சு. இவனக் கூட்டிட்டுப் போயி ஸ்டேஷன்ல விடுங்க. அதை ஏன் தொடணும்?”

“எட்டு கிராம்,” என்றாள் குளோரி.

பிபின் பெட்டியின் முன்னால் கையை விரித்து நின்றான். செசிலி மகனைப் பார்த்தாள். கையிலிருந்த செருப்பு மெதுவாகக் கீழே இறங்கியது.

“விலகுலே,” என்றாள்.

“அம்மா, உங்களுக்குத் தெரியாது…”

“விலகுன்னு சொன்னேன்.”

எட்டு ஸ்க்ரூ. பஞ்சு. இந்த முறை அஷ்ஃபாக்கின் கை நேராகப் பலகையின் பின்னால் போனது. அதே இடம். அதே மாதிரி பிளாஸ்டிக் கவர். அதற்குள் இன்னொரு கருநீல அட்டை. மூலை வெட்டி, ரத்து செய்த முத்திரை குத்தியது. குளோரி பிரித்துக் காட்டினாள். அரும்பு மீசையோடு இளவயதுப் பிபின் படத்திலிருந்து எல்லோரையும் முறைத்தான்.

“காலாவதியான பாஸ்போர்ட். இத எந்தக் கள்ளனும் சும்மா குடுத்தாலும் வாங்கமாட்டான்,” என்றாள் குளோரி. “அப்ப இது இங்க எதுக்கு? இடது பெட்டியில ஒரு பாஸ்போர்ட் ஏறுச்சு. அந்தக் கனத்துக்கு வலது பெட்டியிலயும் ஒண்ணு வைக்காம ஒருத்தருக்குத் தூக்கம் வரல. ஒளிச்சு வைக்கும்போதுகூட சத்தம் கெட்டுடக் கூடாதுன்னு நெனச்ச ஆளு யாரு, பிபின்?”

“இவனே ரெண்டையும் வச்சிருப்பான்!”

“நானா?” அஷ்ஃபாக்குக்கு இப்போது குரல் திரும்பியிருந்தது. “ஒரு பாஸ்போர்ட்டு கனத்துல சத்தம் மாறாதுன்னு தெரிஞ்சவன்லே நான். இந்த வேலைய மெக்கானிக் செய்யமாட்டான். நெட்டுல வாசிச்சவன்தான் செய்வான்.”

“அதோட இது உங்க பூட்டுன பீரோவுல இருந்தது,” என்றாள் குளோரி. “சாவி ஒண்ணே ஒண்ணு.”

“குளிக்கப் போனாலும் கழட்டமாட்டிய,” என்றான் ததேயுஸ். “அஞ்சு பேரு கேட்டுகிட்டு நின்னோம் அண்ணே. சத்தம் ரொம்பத் தெளிவா வந்துச்சு.”

பிபின் சோபாவில் உட்காரவில்லை. நாடா ஒட்டிய இடத்தில் நின்றபடியே கத்தினான்.

“ஆமா! நான்தான் வச்சேன். ரெண்டு வருஷமா வேலை இல்லாம வீட்டுல கெடக்கேன். இவளும் போனா என்ன பேசுவாவ? சந்தையில வச்சு இப்பவே கேட்டாச்சு, பெண்டாட்டி சம்பளம் அனுப்புவா, நீ உக்காந்து பாட்டு கேளுன்னு. போவாதேன்னு சொன்னா நான் மோசமானவன். போன்னு சொல்லிட்டேன். சொன்ன நாள்ல இருந்து உள்ள எரியுது. ஒரு வாரம் கழிச்சு எடுத்துக் குடுத்திருப்பேன்.”

“பிளேன் போன பெறவா?” என்றாள் ரெஜிஷா.

அவன் தரையில் இருந்த நாடாவைக் காலால் தேய்த்தான்.

“கேட்டேன், பதில் சொல்லுங்க. நேத்து ராத்திரி எனக்ககூட இருந்து கோழிக்கூட்டுல டார்ச் அடிச்சியளே. அது எதுக்கு?”

செசிலி செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டினாள்.

“நான் இவட்ட போவண்டாம்னு மூஞ்சிக்கு நேர சொன்னேன். ஊரு என்னைய ராட்சசின்னு சொல்லிச்சு. நீ போ போன்னு சொல்லிட்டு ஒளிச்சு வச்சியா? ஒண்ணும் செய்யாத இந்த மெக்கானிக் மேல செருப்ப ஓங்கிட்டேனே.” மகனுக்கு முதுகைக் காட்டி மருமகளிடம் திரும்பினாள். குரலில் இன்னும் கடுப்பு குறையவில்லை. “ஏட்டி, என்னத்துக்கு நிக்க? போயித் துணிய அடுக்கு. இப்பவும் போவண்டாம்னுதான் சொல்லுவேன். ஆனா போ. பிள்ளைய நான் பாக்குதேன். இவன நம்பி விட்டுட்டுப் போவாத.”

ரெஜிஷா பாஸ்போர்ட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கணவனைத் தாண்டும்போது அவள் நடை ஒரு கணமும் தயங்கவில்லை.

ததேயுஸ் வாசலை விட்டு விலகி அஷ்ஃபாக்கின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். “பாய், வாசல மறிச்சதுக்கு…”

“பஞ்ச எடுத்துக் குடு,” என்றான் அஷ்ஃபாக். ததேயுஸ் பேசாமல் எடுத்துக் கொடுத்தான்.

இரண்டு பெட்டிகளும் மூடின. பதினாறு ஸ்க்ரூவும் இறுகின. உள்ளே பாஸ்போர்ட் எதுவும் இல்லை. அஷ்ஃபாக் அதே சிடியை மறுபடி போட்டான்.

செண்டை முழங்கியது. இலைத்தாளம் அதன்மேல் ஏறிக் கிணுகிணுத்தது. பிபின் தன்னையறியாமல் தலையைச் சாய்த்து, இடது பெட்டியைக் கேட்டான். வலது பெட்டியைக் கேட்டான். ததேயுஸும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். முன்னால் கேட்ட அதே இடி, அதே கிணுகிணுப்பு. நூலிழை வித்தியாசம் இல்லை.

“மாறியிருக்கா?” என்று கேட்டான் அஷ்ஃபாக்.

பிபின் வாயைத் திறந்தான், மூடினான்.

அப்போது மேளம் ஒரு கணம் அடங்கியது. அடுத்த தாளத்துக்கு மாறும் முன்பு எல்லாக் கைகளும் நிற்குமே, அந்த இடைவெளி. அதில், உள்ளறையில் ரெஜிஷா சூட்கேஸின் ஜிப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்து மூடும் சத்தம், ஹாலின் நடுவில் நின்றவனுக்கு மிகத் தெளிவாகக் கேட்டது.